அமெரிக்காவில் பல் இன்சூரன்ஸ்: நான் வாங்கிய இரண்டும், என் கடைவாய்ப்பல்லும்

கீழ்த்தாடையில் வலது பக்கம், பின்னாலிருந்து மூன்றாவது பல். ஊரில் பல் டாக்டர் இதை 46 என்று எழுதுவார். இங்கே டெக்சாஸில் இதற்கு எண் 30. இந்த ஒரு பல் கெட்டுப்போய்ச் சரியாவதற்குள் நான் இரண்டு இன்சூரன்ஸ் வாங்கிவிட்டேன். ஒன்று, மாணவியாக இருந்தபோது இணையத்தில் நானே தேடி எடுத்தது. இன்னொன்று, வேலைக்குச் சேர்ந்ததும் கம்பெனி வழியாகக் கிடைத்தது. இரண்டையும் பற்றி எழுதுகிறேன். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. நான் மாட்டிக்கொண்ட விதிகள் ஏதோ ஒரு வடிவத்தில் பல பிளான்களில் இருக்கின்றன. அதனால் பெயரை விட விதிகள்தான் உங்களுக்கு உதவும்.

2022 ஆகஸ்டில் கரூரிலிருந்து எம்.எஸ். படிக்க டாலஸ் பக்கம் வந்தேன். பல்கலைக்கழகமே கட்டாயமாக ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்க வைத்தது. அதில் பல்லும் சேர்த்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சேர்த்தி இல்லை. இந்த நாட்டில் பல்லுக்குத் தனி, கண்ணுக்குத் தனி, மற்ற உடம்புக்குத் தனி. இது இன்று நேற்று வந்த பிரிவு அல்ல. 1840-லேயே பால்டிமோரில் பல் மருத்துவத்துக்கென்று தனிக் கல்லூரி தொடங்கி, மருத்துவப் படிப்பிலிருந்து பல் பிரிந்துவிட்டது. 1965-ல் முதியவர்களுக்காக மெடிகேர் என்ற அரசு இன்சூரன்ஸைக் கொண்டுவந்தபோதும் வழக்கமான பல் சிகிச்சையை வெளியே நிறுத்திவிட்டார்கள். 2010-ல் வந்த ஒபாமா கால ஹெல்த் இன்சூரன்ஸ் சட்டமும் குழந்தைகளின் பல்லைத்தான் அத்தியாவசியம் என்று சேர்த்தது, பெரியவர்களின் பல்லைச் சேர்க்கவில்லை. வாய்க்குள் சீழ் பிடித்தால் உடம்பு முழுக்கக் காய்ச்சல் வருகிறது. பல் எப்படி உடம்பில் சேராமல் போகும் என்று எனக்கு இன்றைக்கும் கோபம்தான்.

2023 பிப்ரவரியில் ஃப்ரிட்ஜ் தண்ணீர் பட்டால் அந்தப் பல் சுரீர் என்றது. அம்மாவிடம் சொன்னேன். "கிராம்பை நசுக்கி வெச்சுக்க கண்ணு, சூடா ஒண்ணும் குடிக்காத" என்றார். இரண்டு வாரம் கிராம்போடு ஓடியது. அப்புறம் ஒருநாள் இரவு தூக்கம் கெட்டு, பதினொரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து பல் இன்சூரன்ஸ் தேடினேன். மாதம் 38 டாலர். பெரிய எழுத்தில் 100, 80, 50 என்று போட்டிருந்தது. பரிசோதனை, எக்ஸ்ரே, க்ளீனிங் போன்றவற்றுக்கு 100 சதவீதம். சொத்தை அடைப்பதற்கு 80. கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போன்ற பெரிய வேலைக்கு 50. வருஷத்துக்கு 1,500 டாலர் வரை கொடுப்பார்கள். பத்து நிமிடத்தில் கார்டு நம்பரைப் போட்டு வாங்கிவிட்டேன். மருந்து சாப்பிட்ட மாதிரி ஒரு நிம்மதி.

அதே பக்கத்தில் கீழே 'காத்திருப்புக் காலம்' என்று ஒரு வரி இருந்திருக்கிறது. நான் அவ்வளவு தூரம் படிக்கவில்லை.

மார்ச்சில் டாக்டரிடம் போனேன். முன்மேசையில் இருந்த பெண்மணி என் கார்டை வாங்கிக் கணினியில் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்து, மெதுவாகச் சொன்னார்: "இன்றைக்குப் பரிசோதனையும் க்ளீனிங்கும் இலவசம். சொத்தை அடைப்பதற்கு உங்கள் பிளானில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ரூட் கெனால், கேப் எல்லாம் பன்னிரண்டு மாதம்." டாக்டர் எக்ஸ்ரேவைக் காட்டினார். சொத்தை ஆழமாக இருந்தது, ஆனால் நரம்பைத் தொடவில்லை. இப்போதே அடைத்தால் ஃபில்லிங்கோடு போய்விடும் என்றார். கைக்காசு என்றால் 260 டாலர்.

அன்றைக்கு 260 டாலர் எனக்குச் சின்னத் தொகை இல்லை. மாணவர் விசாவில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். நூலகத்தில் மணிக்குப் பத்து டாலர். அப்படியென்றால் 26 மணி நேரச் சம்பளம். ஊர்க் கணக்கில் இருபத்தோராயிரம் ரூபாய். அப்பாவின் பெயரில் இருக்கும் கல்விக் கடன் மனதில் ஓடியது. ஆறு மாதம் பொறுத்தால் 80 சதவீதம் இன்சூரன்ஸ் கொடுக்குமே, பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். இடது பக்கமே மென்று சாப்பிட்டேன்.

செப்டம்பரில், ஆறு மாதம் முடிந்த மறுவாரமே போய் உட்கார்ந்தேன். புது எக்ஸ்ரேவில் கறுப்பு நிழல் நரம்பைத் தொட்டிருந்தது. இனி ஃபில்லிங் உதவாது, ரூட் கெனால் செய்து கேப் போட வேண்டும் என்றார் டாக்டர். அது பெரிய வேலை. பன்னிரண்டு மாதம். இன்னும் ஆறு மாதம் மிச்சம்.

இந்தப் பிளானைப் பற்றி என் தீர்ப்பை நேராகச் சொல்லிவிடுகிறேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. எல்லாம் எழுதித்தான் இருந்தது. காத்திருப்புக் காலம் எதற்கென்றும் எனக்குப் புரிகிறது. வலி வந்த பிறகு வாங்கி, வேலையை முடித்துக்கொண்டு மறு மாதமே நிறுத்துபவர்கள் நிறையப் பேர் இருந்தால் நிறுவனம் நடக்காது. ஆனால் பல் ஏற்கெனவே கெட்டுவிட்ட ஒருவர் தனியாக இப்படி ஒரு பிளான் வாங்குவது, வீடு எரியும்போது கிணறு வெட்டுகிற கதை. பல் நன்றாக இருக்கும்போது வாங்கினால் இதே பிளான் நல்ல பிளானாக இருந்திருக்கும்.

ரொம்ப நாள் கழித்துத்தான் இன்னொன்று தெரிந்தது. நெட்வொர்க்கில் இருக்கும் டாக்டர் இன்சூரன்ஸ்காரர்களிடம் ஒவ்வொரு வேலைக்கும் குறைந்த விலை பேசி வைத்திருக்கிறார். பல பிளான்களில் காத்திருப்புக் காலத்திலும் அந்தப் பேசிய விலை நமக்குக் கிடைக்கும். இன்சூரன்ஸ் ஒரு பைசா தராவிட்டாலும் விலை குறையும். 260 டாலர் ஃபில்லிங் எனக்கு 170 டாலர் போல வந்திருக்கலாம். மார்ச் மாதமே அந்த முன்மேசைப் பெண்மணியிடம் "நெட்வொர்க் விலை எவ்வளவு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே அடைத்துவிட்டு வந்திருப்பேன். பல்லுக்கு நரம்பு இன்றும் உயிரோடு இருந்திருக்கும். இதை எழுதும்போதும் நாக்கு தன்னால் அந்தக் கேப்பைப் போய்த் தொடுகிறது.

அக்டோபரில் கோபத்தில் பிளானை நிறுத்தினேன். ஏழு மாதத்துக்கு 266 டாலர் கட்டியிருந்தேன். அதுவும் அவசரம். நிறுத்தாமல் வைத்திருந்தால் மார்ச்சில் பன்னிரண்டு மாதம் முடிந்திருக்கும். சில புதுப் பிளான்கள், முன்பு இடைவெளி இல்லாமல் வேறு பிளான் இருந்ததென்று காட்டினால் காத்திருப்பைத் தள்ளுபடி செய்கின்றன. அந்த வழியையும் நானே அடைத்துக்கொண்டேன்.

நவம்பரில் தீபாவளிக்கு அம்மா அனுப்பிய பார்சல் வந்தது. தட்டையை ஆசையாக, மறதியாக வலது பக்கம் கடித்தேன். கடக்கென்று சத்தம். தட்டை உடைந்ததென்று நினைத்து மென்றால், வேறு ஏதோ கெட்டியாக நாக்கில் உருண்டது. கையில் துப்பிப் பார்த்தேன். பல்லின் உள்பக்கச் சுவர், பச்சரிசி மாதிரி வெள்ளையாக.

அன்றிரவே அம்மா, "டிக்கெட் போட்டு வந்துரு கண்ணு, நம்ம டாக்டர் பத்தாயிரத்துக்குள்ள முடிச்சிருவாரு" என்றார். இங்கே இருக்கும் நம் ஆட்கள் எல்லோரும் சொல்வதும் இதுதான்: ஊருக்குப் போகும்போது பல்லைப் பார்த்துக்கொள்ளலாம். உண்மையில் கரூரில் அந்தத் தொகைக்கு வேலை நடக்கும், நன்றாகவே நடக்கும். ஆனால் அந்த டிசம்பரில் போகவர டிக்கெட் 1,400 டாலர். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகிவிட்டதால், போனால் திரும்பி வரப் புதிதாக முத்திரை வாங்க வேண்டும். கடைசி செமஸ்டரை வைத்துக்கொண்டு அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை. தாடையோ அதுவரை காத்திருக்கிற நிலையில் இல்லை.

அறைத்தோழி மதுரைக்காரி. அவள்தான் பல் மருத்துவக் கல்லூரி பற்றிச் சொன்னாள். டெக்சாஸில் டாலஸ், ஹூஸ்டன், சான் அன்டோனியோ, எல் பாசோ என்று நான்கு நகரங்களில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே மாணவர்கள் வேலை செய்வார்கள், பேராசிரியர் பக்கத்தில் நின்று சரிபார்ப்பார். கட்டணம் வெளியே இருப்பதை விட நன்றாகக் குறைவு. இன்சூரன்ஸ் தேவையே இல்லை.

அவசரப் பிரிவுக்குக் காலை ஏழு மணிக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு வந்த மாணவருக்கு என் வயதுதான் இருக்கும். என்ன செய்யப் போகிறார் என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுத்தான் செய்தார். ஊசி போட்டார், நிறுத்தினார், பேராசிரியரைக் கூப்பிட்டார். அவர் வந்து கண்ணாடி வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். சொத்தையை எடுத்தார், நிறுத்தினார், மறுபடி கூப்பிட்டார். நரம்பின் மேல்பகுதியை மட்டும் நீக்கி, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்ப மூன்று மணி நேரம் ஆனது. நூறு டாலருக்குள் முடிந்தது. அன்றிரவு பல மாதத்துக்குப் பிறகு விடியும்வரை தூங்கினேன்.

முழு ரூட் கெனாலும் கேப்பும் அங்கேயே செய்துகொள்ளச் சொன்னார்கள். ஐந்தாறு முறை, வார நாட்களில் அரை நாள் அரை நாளாக வர வேண்டும். நான் நேர்முகத் தேர்வுகளில் ஓடிக்கொண்டிருந்தேன், போகவில்லை. இப்போது மாணவராக இருந்து, பல் வலித்து, கையில் இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கு என் பரிந்துரை முதலில் இதுதான். மாதம் 38 டாலர் கட்டுவதை விட்டுவிட்டு நேராகப் பல் கல்லூரிக்குப் போங்கள்.

அந்தச் சமயத்தில் சிலர் பிடுங்கிவிடச் சொன்னார்கள். பிடுங்குவது மலிவு, ஒரே நாளில் வலி போய்விடும். நல்லவேளை, செய்யவில்லை. பல பிளான்களில், இன்சூரன்ஸ் தொடங்கும் முன்பே இல்லாமல் போன பல்லின் இடத்தில் செயற்கைப் பல்லாக இம்பிளான்ட்டோ பிரிட்ஜோ வைக்கப் பணம் தர மாட்டார்கள். அதற்கென்றே தனி விதி இருக்கிறது. உடைந்த பல்லோடு நுழைந்தால் சரி செய்யக் கொடுப்பார்கள், காலி இடத்தோடு நுழைந்தால் கையை விரித்துவிடுவார்கள். வேலை கிடைக்கும் வாய்ப்பு அருகில் இருந்தால், பிடுங்குவதற்கு முன் இதை நினைத்துப் பாருங்கள்.

சரி, இரண்டாவது இன்சூரன்ஸுக்கு வருகிறேன்.

2024 ஜூலையில் டாலஸ் பக்கத்தில் பிளேனோவில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்ததிலிருந்து 31 நாளுக்குள் இன்சூரன்ஸ்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விட்டால் வருஷக் கடைசியில்தான் அடுத்த வாய்ப்பு. முதல் வாரத்தில் அறுபது பக்கப் பிடிஎஃப் ஒன்று வந்தது. நிறையப் பேர் அதைப் பார்க்காமலே டிக் போட்டுவிடுவார்கள். நான் பல் பகுதியை மட்டும் அச்சிட்டு, பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன்.

இரண்டு தேர்வுகள் இருந்தன. ஒன்று டிஎச்எம்ஓ. சந்தா மிகக் குறைவு, வருஷ உச்சவரம்பே கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் நாம் இவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரு விலைப் பட்டியல். ஆனால் அவர்கள் பட்டியலில் இருக்கும் ஒரு டாக்டரைத் தேர்ந்தெடுத்து அவரிடம் மட்டுமே போக வேண்டும். இன்னொன்று பிபிஓ. சந்தா அதிகம், உச்சவரம்பு 1,500, ஆனால் விரும்பிய டாக்டரிடம் போகலாம், நெட்வொர்க்குக்குள் போனால் லாபம்.

வாயில் நிறைய வேலை இருப்பவர்களுக்கு, உச்சவரம்பு இல்லாத டிஎச்எம்ஓ காகிதத்தில் ரொம்ப நன்றாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. வாங்கும் முன் அந்தப் பட்டியலில் என் வீட்டுக்கு அருகில் இருந்த மூன்று பேருக்குப் போன் செய்தேன். இரண்டு இடத்தில் புது நோயாளிகளை எடுப்பதில்லை. மூன்றாவது இடத்தில் ஏழு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். தற்காலிக அடைப்பு எட்டு மாதத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதனால் பிபிஓ எடுத்தேன். உங்கள் ஊரில் பட்டியலில் நல்ல டாக்டர் இருந்து உடனே இடமும் கிடைத்தால், டிஎச்எம்ஓவே உங்களுக்குச் சரியாக இருக்கலாம். மூன்று போன் போட்டால் தெரிந்துவிடும்.

பிபிஓவுக்கு இரண்டு வாரச் சம்பளத்துக்கு ஒருமுறை 9 டாலர் 50 சென்ட் பிடித்தார்கள். டிக் போடும் முன் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்தார்கள், ஆனால் எடுத்த பெண் பொறுமையாகப் பதில் சொன்னார். காத்திருப்புக் காலம் உண்டா என்று கேட்டேன். கம்பெனி பிளான் என்பதால் இல்லை என்றார். ரூட் கெனால் எந்த வகை என்று கேட்டேன். அதைச் சில பிளான்கள் 80 சதவீத வரிசையில் வைக்கின்றன, சில 50-ல். இதில் 80. ஆகஸ்டில் சேர்ந்தால் வரம்பு ஐந்து மாதத்துக்கான பங்காகக் குறையுமா என்றேன். குறையாது, டிசம்பர் வரை முழு 1,500, ஜனவரியில் மறுபடி புதிதாக 1,500 என்றார். போன் பேசிய தேதியையும் அழைப்பு எண்ணையும் அந்தப் பிடிஎஃப்பின் ஓரத்திலேயே எழுதி வைத்தேன்.

ஆகஸ்ட் முதல் தேதி கார்டு கையில். நெட்வொர்க் டாக்டர் ஒருவரிடம் பரிசோதனை, எக்ஸ்ரே, க்ளீனிங். எனக்குச் செலவில்லை. ஆனால் இதற்கு இன்சூரன்ஸ் கொடுத்த 260 டாலரும் அந்த 1,500-லிருந்துதான் கழிந்தது. என் பிளானில் இப்படி. எல்லாவற்றிலும் இப்படி இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் எனக்கு மிகவும் உதவிய ஒன்று. என் சீனியர் அக்கா ஒருவர் ஆபீசில் இந்தச் சலுகைகளைப் பார்க்கும் வேலையில் இருக்கிறார். "வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடி ப்ரீ டிரீட்மென்ட் எஸ்டிமேட் அனுப்பச் சொல்லு, காகிதம் கையில வந்தப்புறம் நாற்காலியில சாய்" என்றார். எந்த வேலைக்கு எவ்வளவு தருவீர்கள் என்று முன்கூட்டியே கேட்கிற காகிதம் அது. டாக்டர் ஆபீசே எக்ஸ்ரேவோடு இன்சூரன்ஸுக்கு அனுப்பியது. பத்து நாளில் பதில் வந்தது.

அந்தக் காகிதத்தை இப்போதும் வைத்திருக்கிறேன். டாக்டரின் வழக்கமான விலை: ரூட் கெனால் 1,350, உள்ளே கட்டி எழுப்பும் அடித்தளம் 320, பல் நிறத்தில் இருக்கும் ஜிர்கோனியா கேப் 1,500. மொத்தம் 3,170 டாலர். நெட்வொர்க்கில் பேசிய விலை: 900, 200, 960. மொத்தம் 2,060. இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன்பே 1,110 டாலர் குறைந்துவிட்டது.

ரூட் கெனாலில் முதல் 50 டாலர் என் பொறுப்பு, மீதி 850-ல் 80 சதவீதம், அதாவது 680, அவர்களுடையது. அடித்தளத்தில் பாதி, 100. கேப்பில் ஒரு விஷயம் இடித்தது. 960-ல் பாதி 480 வரும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன், காகிதத்தில் 380 என்று இருந்தது. கடைவாய்ப்பல்லுக்கு உலோகக் கேப் போதும் என்பது அவர்கள் விதி. அதன் விலை 760. பல் நிறத்தில் போட்டால் போடலாம், ஆனால் அந்த 760-ல்தான் பாதி தருவார்கள். சொத்தை அடைப்பதிலும் சில பிளான்களில் இந்த மாதிரி இறக்கம் உண்டு. காகிதம் முன்கூட்டியே வந்ததால் தெரிந்தது. இல்லாவிட்டால் எல்லாம் முடிந்து பில் வரும்போது நூறு டாலருக்கு அதிர்ந்திருப்பேன். கோபப்படத் தோன்றியது, ஆனாலும் ஜிர்கோனியாவே போடச் சொன்னேன்.

ஆக, இன்சூரன்ஸ் கொடுத்தது 1,160. நான் கொடுத்தது 900. சந்தாவாக அந்த வருஷம் கட்டியது சுமார் 105. இன்சூரன்ஸ் கொடுத்த பணமும், நெட்வொர்க் விலையால் குறைந்த பணமும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதைப் பார்த்தீர்களா? பிபிஓ என்றால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று நினைத்து நெட்வொர்க்குக்கு வெளியே போயிருந்தால், அந்தப் பாதி என் கையை விட்டுப் போயிருக்கும். முன்மேசையில் "இந்த இன்சூரன்ஸை வாங்கிக்கொள்வீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "என் பிளானின் நெட்வொர்க்கில் இருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். இரண்டும் வேறு.

என் 900 டாலரையும் எஃப்எஸ்ஏ கணக்கிலிருந்து கட்டினேன். சம்பளத்தில் வரி பிடிக்கும் முன்பே சிகிச்சைக்கென்று ஒதுக்குகிற கணக்கு அது. ஆயிரம் டாலர் ஒதுக்கினேன். மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிப்பார்கள், ஆனால் முழுத் தொகையையும் முதல் நாளிலிருந்தே எடுத்துச் செலவு செய்யலாம். புதிதாக வேலைக்கு வந்து கையில் சேமிப்பு இல்லாத என் போன்றவர்களுக்கு இது பெரிய ஆறுதல். மிச்சம் வைத்தால் போய்விடலாம் என்பதால், தெரிந்த செலவுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

செப்டம்பரில் ரூட் கெனால். பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. ஊசி போட்டதும் பாதி நாக்கும் பாதி உதடும் யாருடையதோ மாதிரி ஆகிவிட்டன. பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டினார்கள், நீச்சல் குள வாசனை வீசியது. அந்தப் பல்லில் நான்கு கால்வாய் இருந்தனவாம். ஊசி மாதிரியான மெல்லிய கம்பியை உள்ளே விட, பக்கத்தில் ஒரு சின்ன கருவி பீப் பீப் என்று வேகமாகிக்கொண்டே போய், வேர் நுனி வந்ததும் ஒரே நீளமாக ஒலித்தது. ஒவ்வொரு கால்வாய்க்கும் அந்தச் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன். மூன்றாவதில் ரொம்ப நேரம் சத்தமே வரவில்லை. வந்தபோது டாக்டரும் உதவியாளரும் சேர்ந்து மூச்சு விட்டதைக் கேட்டேன். இன்னும் சில மாதம் தள்ளியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். அக்டோபரில் கேப். நீலத் தாளைக் கடி, மறுபடி கடி என்று ஏழெட்டு முறை ராவி ராவிச் சரி செய்தார். வீட்டுக்கு வந்து வலது பக்கத்தில் தோசை சாப்பிட்டேன், ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு.

இன்னும் இரண்டு சின்னச் சொத்தைகள் இருந்தன. நெட்வொர்க் விலையில் இரண்டும் சேர்த்து 340 டாலர். 1,500-ல் மிச்சம் 80தான். டிசம்பரில் அடைத்திருந்தால் நான் 260 கட்ட வேண்டும். அவசரமா என்று டாக்டரிடம் கேட்டேன், ஒரு மாதத்தில் ஒன்றும் ஆகாது என்றார். ஜனவரி இரண்டாம் வாரம் போனேன். புது வருஷம், புது வரம்பு. முதல் 50 போக மீதியில் 80 சதவீதம் கொடுத்தார்கள், எனக்கு 108 டாலர் ஆனது. டாக்டரின் வாயால் அவசரமில்லை என்று கேட்ட பிறகுதான் தள்ளினேன். முன்பு அதைக் கேட்காமல் தள்ளியதால்தான் பல்லைக் கெடுத்துக்கொண்டேன்.

இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒன்று. அப்பா அம்மாவின் ஹெல்த் இன்சூரன்ஸில் 26 வயது வரை இருக்கலாம் என்பது சட்டம். தனியாக இருக்கும் பல் பிளானுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சில பிளான்கள் 26 வரை வைத்துக்கொள்கின்றன, சில முன்பே எடுத்துவிடுகின்றன. எங்கள் ஆபீசில் 23 வயதுத் தம்பி ஒருவனுக்கு, ஞானப்பல்லுக்காக நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தன் பெயர் பிளானில் இல்லை என்று தெரிந்தது.

கம்பெனி பிபிஓவுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. கேப் விலையை இறக்கியதற்கும் நாற்பது நிமிடப் பாட்டுக்கும் ஒன்று குறைத்தேன். முதல் பிளானுக்கு, பல் நன்றாக இருப்பவர்களுக்கென்றால் மூன்று. வலியோடு வாங்குகிறவர்களுக்கு ஒன்று கூட இல்லை.

இந்த ஆகஸ்டில் என் சித்தி பையன் படிக்க வந்தான். மே மாதத்திலிருந்தே அவனை விடாமல் துரத்தி, கரூரில் அதே டாக்டரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேவை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். இரண்டு சொத்தை, ஒன்று 46-ல். "வலியே இல்லக்கா, அங்க வந்து பாத்துக்கறனே" என்றான். அடைத்த பிறகு வாயைத் திறந்து ஒரு போட்டோ அனுப்பு, அதற்கப்புறம் பெட்டி கட்டு என்றேன். ஜூன் 19 அன்று போட்டோ வந்தது. இரண்டுக்கும் சேர்த்து 2,400 ரூபாய் ஆனதாம்.